மைனஸ் எண்பதுக்கு வைத்த பொட்டு

செல்வமேரிக்கு எதற்குத்தான் பயமில்லை சொல்லுங்கள்! லிஃப்ட் என்றால் பயம். பல்லி என்றால் பயம். பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிற தண்ணி லாரி என்றால் பயம். ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தால் சிலுவை போட்டுக்கொண்டுதான் எடுப்பாள். எடுத்ததும் ஹலோ கிடையாது, "நான் இன்னா தப்பு பண்ணேன் சார்?" என்பாள். அந்தப் பக்கம் இருக்கிற கிளார்க், "ஒண்ணுமில்ல மேரி, பினாயில் வந்திருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க" என்று சொன்ன பிறகுதான் மூச்சு வரும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மேரிக்கு இருட்டுகூட வேண்டாம், டியூப்லைட் வெளிச்சத்திலேயே பேய் தெரியும்.

சேலையூர் தாண்டி அகரம்தென் போகிற பாதையில் வீடு. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், சுற்றுச்சூழல் துறை லேபில் அசிஸ்டென்ட். கண்ணாடிச் சாமான் கழுவுவது, மெஷின்களைத் துடைப்பது, பிள்ளைகளோடு மண்ணெடுக்கப் போவது என்று எல்லா வேலையும் அவள் தலையில். வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட் வேலைதான். ஆனால் ஒன்று, அந்தப் பயமே அவளை அந்த வேலையில் இத்தனை வருஷம் காப்பாற்றியது. கேஸை மூடினோமா என்று படியிறங்கிய பிறகும் திரும்பி ஏறிப்போய்ப் பார்க்கிறவளை எந்த மடையன் வேலையை விட்டு எடுப்பான்? லேபுக்குள் அவள் ராஜ்ஜியம்தான். பிஎச்டி பண்ணுகிற பிள்ளைகள் கையுறை போடாமல் எதையாவது தொட்டால், "ஏய், கையை எடு! உங்க அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?" என்று கத்துவாள். திட்டுகிற திட்டும் பயத்தில் பிறந்ததுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடு நம் ஆட்கள் கைகோர்த்தார்கள். சங்கதி இதுதான்: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. மழைக்கு முன்னால் அவை எப்படி, வெள்ளம் வடிந்த பிறகு எப்படி, குப்பைமேட்டுப் பக்கம் எப்படி என்று பார்க்க வேண்டும். சேறு நம்முடையது. அதைப் படிக்கிற பெரிய மெஷின் அவர்களுடையது. முடிவில் இங்கிருந்து ஒரு மாணவி அந்தச் சேற்றோடு அங்கே போய் ஒரு வருஷம் இருப்பாள், அங்கிருந்து ஒருத்தி இங்கே வருவாள்.

இங்கிருந்து போகிறவள் சின்மயி. சேலையூர்ப் பெண், பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவாள் போலிருப்பாள். ஆனால் மூன்று மழைக்கும் முழங்கால் சேற்றில் இறங்கினவள் அவள்தான். கரையில் குடை பிடித்துக்கொண்டு, "பாம்பு கீதும்மா, மேல வா, போதும்" என்று அழாத குறையாக நின்றவள் மேரி. எடுத்த சேறெல்லாம் சின்னச் சின்னக் குழாய்களில், அட்டைப் பெட்டிகளில், பெரிய ஃப்ரீசர் ஒன்றுக்குள் போனது. பீரோ உயரம். உள்ளே குளிர் மைனஸ் எண்பது டிகிரி. லேபில் எல்லோரும் அதை 'எண்பது' என்றே கூப்பிடுவார்கள்.

"ஐஸ்க்ரீம் மாதிரிக்கா," என்று சின்மயி முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள். "ஒரு தடவை உருகிடுத்துன்னா முடிஞ்சுது. திருப்பி உறைய வெச்சாலும் பிரயோஜனம் இல்ல. உள்ள இருக்கறது எல்லாம் செத்துப்போயிடும்."

அன்றிலிருந்து எண்பதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மேரி காதைக் கொடுத்துக் கேட்பாள். அது ம்ம்ம் என்று உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமல் கேட்டால் நெஞ்சு நிம்மதிப்படும்.

இப்படிப்பட்டவள் எப்படித் தப்புச் செய்தாள் என்று கேட்கிறீர்களா? பக்தியில் செய்தாள்.

ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் மதியமே பாடம், ஆராய்ச்சி எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. லேபுக்குப் பொட்டு வைப்பது வருஷா வருஷம் மேரிதான். வேதக்காரி பூஜை செய்யலாமா என்று கேட்கிற ஜென்மங்கள் வேறு எங்காவது இருக்கும். அந்த லேபில் யாரும் கேட்டதில்லை, மேரியும் கேட்டுக்கொண்டதில்லை. சோறு போடுகிற மெஷினுக்குச் சந்தனம் வைக்க மாதா கோபித்துக்கொள்ளவா போகிறாள்? மைக்ராஸ்கோப்பைத் துடைத்து, தராசைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றினாள். எண்பதைச் சக்கரத்தில் உருட்டி முன்னால் இழுத்து, பின்னால் ஒரு வருஷத் தூசியைக் கூட்ட வேண்டியிருந்தது. அதற்காகப் பிளக்கைப் பிடுங்கினாள். கூட்டி முடித்து உள்ளே தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக வாழைக்கன்று கட்டினாள். பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அங்கேதான் வந்தது வினை. எண்பதுக்கென்று சுவரில் ஒரு சிவப்பு பாயிண்ட் உண்டு, கரண்ட் போனாலும் ஜெனரேட்டரில் ஓடுவது. கட்டின வாழைக்கன்று அந்தச் சிவப்பை மறைத்துக்கொண்டு நின்றது. ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் பிளக். "பொரி எடுத்தாங்கக்கா!" என்று அந்தப் பக்கம் பிள்ளைகள் கூச்சல். எட்டின இடத்தில் இருந்த வெள்ளை பாயிண்ட்டில் செருகினாள். எண்பது ம்ம்ம் என்றது. குனிந்து கதவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெரிய விடுமுறை வந்தால் வாட்ச்மேன் மாடி மாடியாகப் போய் வெள்ளை லைன் மெயினை எல்லாம் அணைத்துவிடுவார். எங்கேயோ ஒருமுறை தீப்பிடித்ததிலிருந்து அது வழக்கம். மேரிக்குத் தெரியாத வழக்கமா? தெரியும். கேஸை இரண்டு தரம் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். வாழைக்கன்றுக்குப் பின்னால் மட்டும் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை லேபைத் திறந்தவள் அவள்தான். காலடியில் பொரி நொறுங்கியது. சாமந்தி வாடி நாறியது. ஏதோ ஒன்று குறைகிறதே என்று நின்றாள். என்ன என்று அப்புறம்தான் புரிந்தது. சத்தம் இல்லை.

எண்பதின் கதவிடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் குளமாக நின்றது. அவள் வைத்த பொட்டு கரைந்து, கதவு முழுக்கச் சிவப்பாக வழிந்திருந்தது. "யேசப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கதவைத் திறந்தாள். எப்போது திறந்தாலும் முகத்தில் அடிக்கிற வெள்ளைப் புகை வரவில்லை. உள்ளேயிருந்து பள்ளிக்கரணை வாடை வந்தது.

அதற்கப்புறம் அவள் செய்ததெல்லாம் கைகள் தாமாகச் செய்தவை. வாழைக்கன்றை அறுத்தெறிந்தாள். பிளக்கைச் சிவப்பில் மாற்றினாள். தரையைத் துடைத்தாள், கதவைத் துடைத்தாள், பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் ஒற்றினாள். அலாரம் ஒன்று அதில் இருந்தது, ஆனால் அது எப்போதோ பேச்சை நிறுத்திவிட்டது. ரிப்பேருக்குச் சொல்லிச் சொல்லி எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். சின்மயி அன்று விசா விஷயமாக வெளியே போயிருந்தாள். மறுநாள் காலையில் எண்பது பழையபடி உறுமிக்கொண்டு, கதவில் எண்பது என்று காட்டிக்கொண்டு நின்றது. திறந்தால் புகை வந்தது. பெட்டிகள் கல்லாக இருந்தன.

மேரி கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதுதான் மேரியைக் கொன்றது. உடைந்த கண்ணாடி என்றால் எடுத்துக் காட்டலாம். செத்துப்போனது உயிரோடு இருப்பதுபோல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்! சின்மயி வந்தாள், ஃப்ரீசரைத் திறந்தாள், கொஞ்ச நேரம் திறந்தபடியே நின்றாள். சின்மயி கதவை மூடிவிட்டு, "டீ குடிக்கப் போலாமாக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போய் மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். மூன்றாம் நாள் புரொஃபசர் கேசவன் அறைக்குப் போனாள். பின்லாந்துத் திட்டத்துக்கு இந்தப் பக்கத்துத் தலைவர் அவர்தான். நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். மேரி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். "நான்தான் சார். பூஜை அன்னிக்கு. கண்ணு அவிஞ்சுபோச்சு சார் எனக்கு."

கேசவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்துபோய், வெளியே பியூன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"மாதா கிட்டதான் சார்."

"அடுத்த வாரம் அவங்க வர்றாங்க மேரி. அக்ரிமென்ட்டை இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போடறாங்க. வைஸ் சான்சலர் தாம்பரம் வரைக்கும் பேனர் வெச்சுட்டார்." டீ கிளாஸை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார். "நீங்க எதையும் பார்க்கல. நான் எதையும் கேக்கல. புரியுதா?"

"சார், அங்க போயி அது செத்ததுன்னு தெரிஞ்சா?"

"பெட்டிக்குள்ள குளிருக்காகப் போடற ட்ரை ஐஸ் போற வழியில தீர்ந்துபோறது சகஜம். ஃப்ளைட் லேட்டாகும், எங்கயாவது மாட்டிக்கும். யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. போய் வேலையைப் பாருங்க."

வேலை தப்பியது என்று மேரி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டாள், பொய் சொல்வானேன். படியிறங்கும்போது முதல் மாடி வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. கீழே வரும்போது ஒரு யோசனை வந்து காலைக் கட்டிவிட்டது. வழியில் தீர்ந்துபோச்சு என்றால் வழியில் கொண்டுபோனது யார்? சின்மயி. முன்பின் தெரியாத தேசத்தில், வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று, நீ என்ன செய்தாய் என்று கேட்டால் அந்தக் குழந்தை என்ன சொல்லும்?

அவளிடமாவது சொல்லிவிடுவோம் என்று சேலையூருக்குப் போனாள். வழியனுப்பப் போகிற சாக்கு. சின்மயியின் அம்மா அபிதகுஜாம்பாள் கூடத்தில் உட்கார்ந்து கொலு பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கோ மேரி, வாங்கோ! உங்களைப் பத்திதான் சொல்லிண்டே இருப்பா. காலனி பூரா கேக்கறா, பின்லாந்துல என்ன சாப்பிடுவான்னு. பொடி எல்லாம் திரிச்சு வெச்சுட்டேன்" என்று காபி கொடுத்தாள். பெருமையில் அந்த அம்மாள் முகம் எண்ணெய் தடவின மாதிரி பளபளத்தது. அந்த முகத்துக்கு முன்னால் வாயைத் திறக்க மேரியால் முடியவில்லை. சின்மயி ஸ்வெட்டர் காய வைத்திருக்கிறேன் என்று மாடிக்குக் கூப்பிட்டாள்.

மொட்டைமாடியில் மேரி கையைப் பிசைந்துகொண்டு, "யம்மா, அந்த எண்பது..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம்க்கா," என்றாள் சின்மயி. "எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அட்டை பாக்ஸ் எல்லாம் நனைஞ்சு உப்பியிருந்துது. மேல நான் எழுதினது பூரா கரைஞ்சிருந்துது. அன்னிக்கே தெரிஞ்சுடுத்து."

"பின்ன ஏண்டி சொல்லல?"

"சொன்னா என்னாகும்? எல்லாம் கேன்சல். மறுபடி மூணு மழைக்கு நான் எங்க போறது? அப்பா ஜாதகத்தைக் கையில வெச்சுண்டு உக்காந்திருக்கார். இந்தப் பயணம் நின்னா தையில கல்யாணம்க்கா. அப்புறம் லேபும் கிடையாது, சேறும் கிடையாது." காய்ந்த ஸ்வெட்டரைக் கொடியிலிருந்து உருவினாள். "கேசவன் சார் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். ட்ரை ஐஸ்னு சொல்லிக்கலாம். அதுக்குள்ள நான் அங்க போயிடுவேன், வேற எதுலயாவது ஒட்டிப்பேன்."

"மாட்டிக்கினா?"

"மாட்டிக்க மாட்டேன். நீங்க பேசாம இருந்தா போதும்."

சின்மயி சிரித்தாள். பள்ளிக்கரணையில் அட்டைப்பூச்சி கடித்தபோது, வலிக்கவில்லை என்று இதே சிரிப்புத்தான் சிரித்தாள். தான் ஒருத்திதான் மறைக்கிறோம் என்று இத்தனை நாள் பயந்தாள். இப்போது பார்த்தால் எல்லோரும் மறைக்கிறார்கள். வீட்டில் இழவு விழுந்ததைச் சொல்லாமல் விருந்தாளிக்குப் பந்தி போடுகிற கதையாக அல்லவா இருக்கிறது!

வீட்டுக்காரன் சவுரிமுத்துவிடம் சொன்னாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உனக்கு இன்னாத்துக்கு வம்பு? கம்முனு கெட. பெரிய ஆளுங்க பேஜாரு, பெரிய ஆளுங்க பாத்துப்பாங்கோ" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கையெழுத்து மட்டும் எதுலயும் போடாத" என்றான்.

அவன் சொன்னால் அர்த்தம் உண்டு. மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் சரக்கைச் சோதித்து அனுப்புகிற வேலையில் இருந்தவன் அவன். மேலே இருந்தவன் அவசரப்படுத்தினான் என்று ஒருமுறை பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டான். சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. அவசரப்படுத்தினவன் வாயைத் திறக்கவில்லை. "சவுரிதானே கையெழுத்துப் போட்டான்" என்று கைகாட்டினார்கள். இன்றைக்கு அவன் பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான். அன்று கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தானே, அந்த முகத்தை மேரி மறக்கவில்லை.

பின்லாந்துக்காரர்கள் வந்தார்கள். பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கற்கண்டு நீட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். தலைவி டாக்டர் மர்யத்தா என்ற அம்மாள், வாட்டசாட்டமாக, வேர்த்து விறுவிறுத்து, எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். மேடையில் அக்ரிமென்ட் கையெழுத்தாகி, ஃபோட்டோ எடுத்து முடிந்ததும் கூட்டம் லேபுக்கு வந்தது. மேரி மூலையில் சுவரோடு சுவராக நின்றாள். இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டால் முடிந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இங்கிலீஷ் அவளுக்குப் பேசத்தான் வராது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே பாத்திரம் கழுவினவளுக்குக் கேட்கத் தெரியும். மர்யத்தா எண்பதைத் தட்டிக்கொடுத்து, இந்தச் சேற்றை நம்பித்தான் அங்கே தன் பிள்ளைகள் மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று சொன்னது புரிந்தது. பிறகு ஒரு தாளை எடுத்து எண்பதின் மேலேயே வைத்தாள். எடுத்த நாளிலிருந்து இன்றுவரை எல்லாம் உறைந்த நிலையிலேயே, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது என்று அதில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள். பேனாவைச் சின்மயியிடம் கொடுத்து, "இனிமேல் நீதான் ரெஸ்பான்ஸிபிள்" என்று விளையாட்டாகச் சொன்னாள்.

அந்த வார்த்தை மேரிக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லித்தான் சவுரிமுத்துவை அனுப்பினார்கள்.

கால் தானாக முன்னே வந்தது. "சார்," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "சொல்லிடுங்க சார். அந்தப் புள்ள கையெழுத்துப் போட வேணாம் சார். எல்லாம் உருகிப்போச்சுன்னு சொல்லிடுங்க."

மர்யத்தா சிரித்தபடியே, இந்த அம்மாள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

கேசவன் முன்னால் வந்தார். இத்தனை வருஷமாக இதையெல்லாம் தன் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டாளாம், பிரிய மனசில்லை என்கிறாள் என்று நல்ல இங்கிலீஷில் சொன்னார்.

அடப்பாவி மனுஷா! மேரிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. மர்யத்தா கண் கலங்கி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தேங்க் யூ, தேங்க் யூ" என்றாள். அந்தக் கைக்கு மேலாக மேரி பார்த்தாள். சின்மயி தாளில் பேனாவை வைத்துவிட்டாள்.

இனி யோசித்தால் நடக்காது என்று தோன்றியது. கையை உருவிக்கொண்டு, எண்பதுக்கும் சுவருக்கும் நடுவே குனிந்து, பிளக்கைப் பிடித்து இழுத்தாள்.

சத்தம் நின்றது. அத்தனை பேரும் திரும்பினார்கள். கேசவன் "மேரி!" என்று அலறினார்.

மேரி பிளக்கைத் தூக்கிக் காட்டினாள். "திஸ் மேடம். பூஜா ஹாலிடே. ஃபுல் ஹாலிடே ஆஃப். ஆல் மெல்ட். தண்ணி, வாட்டர்." தரையைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள். "மீ. மை மிஸ்டேக்."

மர்யத்தாவின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அந்த அம்மாள் சின்மயி கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினாள். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டாள்.

கேசவன் தனக்குப் போர்த்தின பொன்னாடையின் ஓரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்மயி வெளுத்துப்போய், சுண்டினால் ரத்தம் வராதவள்போல் நின்றாள். அவளைப் பார்த்ததும் மேரிக்கு ஒன்றுதான் தோன்றியது, இந்தப் புள்ள தப்பிக்கணும்.

"நோபடி மேடம்," என்றாள். "ஒன்லி மீ."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! உண்மையைச் சொல்ல ஒன்றரை வாரம் செத்துப் பிழைத்தவள் பொய்யை ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். கேசவன் உடனே, எங்களுக்கே இது அதிர்ச்சியாக இருக்கிறது என்றார். சின்மயி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை, 'அக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது நல்லதுதான் என்று மேரிக்குத் தெரியும், இருந்தாலும் வலித்தது. கூட்டம் கொஞ்சம் பின்வாங்கி நின்றது. எண்பதின் பக்கத்தில் அவள் மட்டும் கையில் பிளக்கோடு நின்றாள்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. வானம் இடிந்து விழவில்லை. எங்கள் ஊரிலும் ஃப்ரீசர் சாவதுண்டு என்றாள் மர்யத்தா. அக்ரிமென்ட் அப்படியே இருந்தது. சின்மயி வெறுங்கையோடு வரட்டும், ஆறு மாதம் அந்த மெஷினைப் பழகட்டும், திரும்பி வந்து அடுத்த மழைக்கு மறுபடி சேறெடுக்கட்டும் என்று ஏற்பாடானது. சொன்னால் உயிர் போகும் என்று மூன்று பேரும் பொத்திப் பொத்தி வைத்தது கடைசியில் இவ்வளவுதான்.

தன் சீட்டைத்தான் கிழிப்பார்கள் என்று மேரி காத்திருந்தாள். ஃபோன் மணி அடிக்கும்போதெல்லாம் செத்துச் செத்துப் பிழைத்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாதது மட்டுமில்லை, அடுத்த வருஷத்துக் கான்ட்ராக்ட் இப்போதே கையெழுத்தாகி வந்துவிட்டது. லீவு கேட்டால் கேசவன் ஏன் என்றுகூடக் கேட்காமல் சரி என்றார். ஒருநாள் படியில் அவள் ஏறிவருவதைப் பார்த்து, அவர் சட்டென்று திரும்பி மேலேயே போய்விட்டார். மேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம்ம மேல கோவமா இருக்காரு என்று நினைத்து, அதற்கும் பயந்தாள்.

சின்மயி பின்லாந்துக்குக் கிளம்புமுன் லேபுக்கு வந்து எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்துவிட்டுப் போனாள். மேரி சாமான் கழுவும் அறையில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, மேஜையில் அவளுக்கென்று டிஷ்யூ பேப்பரில் மடித்து ஒரு மைசூர்பாகு இருந்தது. "சின்மயி போயிட்டாளே, மேரிக்காகிட்ட சொல்லிக்கிட்டேன்னு சொன்னாளே" என்றாள் ரேஷ்மா, கூடப் படிக்கிற பெண்.

மேரி மூச்சிரைக்க ஓடினாள். கேட்டுக்கு வெளியே சின்மயி ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். "யம்மா! சின்மயி!"

அவள் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்து மேரி அப்படியே நின்றுவிட்டாள். அதில் கோபம் இல்லை. வெட்கம்கூட இல்லை. இந்த அம்மாள் என்ன கேட்கப் போகிறாளோ, எப்போது வாயைத் திறப்பாளோ என்கிற பயம் இருந்தது. கேசவன் படியில் திரும்பிப் போனது ஏனென்று அப்போது அவளுக்குப் புரிந்தது. தன்னைப் பார்த்து ஒரு ஈ எறும்பு பயப்படும் என்றுகூட ஐம்பது வயசு வரை மேரி நினைத்ததில்லை.

பதறிப்போய், ஆறுதல் சொல்கிறதாக நினைத்து, அவள் சொன்னாள். "பயப்படாதே கண்ணு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சின்மயியின் முகம் இன்னும் வெளுத்தது. "தேங்க்ஸ்க்கா," என்று முணுமுணுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

தெருமுனையில் சிக்னல் சிவப்பாக இருந்தது. வண்டிகளுக்கு நடுவே ஒரு காலை ஊன்றி நின்ற சின்மயி, மேரி இன்னும் நிற்கிறாளா என்று மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். மேரி கையைத் தூக்கி ஆட்டினாள். பச்சை விழுவதற்குள் அந்தப் பெண் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.